புயலுக்குப் பாராட்டு விழா எடுத்த நண்டு

நண்டும் நாரையும் காற்றும் கடலும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கிழக்குக் கடற்கரையின் ஒரு வளைகுடாவில், நண்டு இனத்துக்குப் புயல் இழைத்த அநீதிகள் இவை. முதலாவது, ஒரு கார்த்திகை மாதத்தில், வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து வளைகளையெல்லாம் மணலால் மூடியது. இரண்டாவது, மறு வருடம் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் அக்கரையில் இறங்கி அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்பது தனி அநீதி. அதற்குப் புயல் பொறுப்பல்ல. மூன்றாவது, முழுத் தென்னைமரம் ஒன்றைக் கொண்டுவந்து செங்கொடுக்கு என்ற நண்டின் வாசலில் போட்டது. நான்காவது, அவருடைய மாமியாரை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் அவரை ஒரு கீறலும் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததை ஐந்தாவதாக எண்ணலாமா என்பதில் செங்கொடுக்குக்கும் அவர் மனைவி பேச்சிக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

செங்கொடுக்கு சேற்று நண்டு. ஒரு கொடுக்கு கடுகளவு, இன்னொன்று அவர் உடம்பளவு. அந்தப் பெரிய கொடுக்கை உயர்த்தாமல் அவர் ஒரு வாக்கியமும் பேசியதில்லை. அநீதிகளை வரிசை மாறாமல்தான் சொல்வார். வரிசை மாறினால் கோபம் நீர்த்துப்போகும் என்பது அவர் கொள்கை.

ஒவ்வொரு குளிர்காலம் முடிந்ததும் தாழை மடலில் மனு எழுதிக்கொண்டு கடலம்மாவின் சபைக்குப் போவார். வாசலில் மனு வாங்கும் கூழைக்கடாப் பறவை உட்கார்ந்திருக்கும்.

“யோவ் நண்டு, யார்மேல புகார்?”

“புயல்மேல.”

“புயல்னா அது ஒரு பேராய்யா? வாடைக்காத்தா, கொண்டலா, கச்சானா? ஆளைச் சொல்லு.”

வாடையைக் கூப்பிட்டால், “நான் பனியைக் கொண்டுவந்து இறக்குறதோட சரி” என்றது. கொண்டல், “நான் மழையோட வந்து மரியாதையா போறவன்” என்றது. கச்சானோ மேற்கிலிருந்து வருவது, கேட்டதற்கே கோபித்துக்கொண்டது. புயல் நடுக்கடலில் உருவாகி, செய்வதைச் செய்துவிட்டு, கரையேறியதும் துண்டு துண்டாகக் கலைந்து ஊர்க் காற்றோடு காற்றாகி நின்றுகொள்ளும். அதற்கென்று பெயர் கிடையாது.

“ஆள் பேர் இல்லாத வழக்கு எடுத்துக்கறதில்லை. அடுத்து யாரு?” என்று கூழைக்கடா மனுவைத் தாடைப்பைக்குள் போட்டு விழுங்கிவிடும். அந்தச் சபையில் மனுக்கள் செரித்த வேகத்தில் வேறொன்றும் நடந்ததில்லை.

அந்த மார்கழியில் பேச்சி சினையாக இருந்தாள். வயிற்று மடிப்பில் கொத்துக் கொத்தாக முட்டை. வடகிழக்கே வானம் ஈயப் பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது. அலை ஒதுங்கிப் போய், நின்று, பிறகு கனமாக வந்து அடித்தது.

“மேட்டுக்குப் போனா வெயில்ல முட்டை காஞ்சிடும்” என்றாள் பேச்சி. “இங்கயே கிடந்தா அலை அடிச்சிட்டுப் போயிடும். அந்தப் புயல் என்னிக்கு வரும்னு தெரிஞ்சா அன்னிக்கு மட்டும் மேடேறிட்டு இறங்கிடுவேன். அதைக் கேட்டு வாங்கத் துப்பில்ல. கொடுக்கைத் தூக்க மட்டும் தெரியுது.”

செங்கொடுக்கு அன்றைக்குக் கொடுக்கைத் தூக்கவில்லை. வளைக்குள் உட்கார்ந்து யோசித்தார். பெரிய இடத்துக் குணம் ஒன்று அவருக்கு அத்துப்படி. குற்றம் என்றால் அவனில்லை நான் என்பார்கள். மாலை என்றால் நான்தான் அவன் என்று முந்திக்கொண்டு வந்து நிற்பார்கள்.

மறுநாள் காலையில் அவர் அறிவித்தார்: “நம் வளைகுடாவை நாடி வரும் புயல் அவர்களுக்கு மாபெரும் பாராட்டு விழா!”

கரை அதிர்ந்தது. “அண்ணன் விலைபோயிட்டாரு!” என்று ஒரு நண்டு கத்தியது. “எத்தனை இறாலுக்கு?” என்றது இன்னொன்று. கூடப் போராடியவர்கள் அவரைப் பார்த்து நுரை கக்கினார்கள். பேச்சி இரண்டு கண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். செங்கொடுக்கு உண்மையைச் சொன்னால் உள்ளான் பறவை அதைப் பொழுது சாய்வதற்குள் நடுக்கடலில் கொட்டிவிடும். அந்த உள்ளானிடம்தான் அவர் அழைப்பைச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆயுசு முழுக்கச் சேர்த்த பெயர் ஒரு காலைப்பொழுதில் போனதை அவர் வேறொரு வரிசையில் குறித்துவைத்துக்கொண்டார்.

புயல் அழைப்பைக் கேட்டதும் வளைகுடாவின் வாய்க்கு வந்து, தூரத்தில் சுழன்றபடி நின்றது. செங்கொடுக்கு கடைசிப் பாறைவரை போய் வணக்கம் வைத்தார்.

“கூட்டம் எவ்வளவு?” என்பதுதான் புயலின் முதல் கேள்வி.

“கரை கொள்ளாது ஐயா.”

“மாலை?”

“கடற்பாசி மாலை. ஆளுயரம்.”

“என் உயரமா, உன் உயரமா?”

“அதைப் பேசிக்கலாம் ஐயா. வரவேற்புரையில சொல்லணுமே, ஐயா பேரு?”

புயல் சற்றுத் தயங்கியது. “எனக்குப் பேர் கிடையாது. அதுதான் என் பலமே.”

“அதுவும் சரிதான். யாரோ ஒருத்தருக்குப் பாராட்டுன்னு சொல்லி முடிச்சிடறேன். போன வாரம் திருக்கை மீனுக்கு விழா எடுத்தோம். அதுக்கே பேருக்கு முன்னால நாலு பட்டம்.”

“திருக்கைக்கா? தட்டையா மணல்ல கிடக்குமே, அதுக்கா?”

“அதுக்குத்தான் ஐயா.”

புயலால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று நாலு சுற்றுச் சுற்றியது. “சண்டமாருதம்?”

“பழசு ஐயா.”

“மரமுறிச்சான்?”

“கூட்டத்துல குழந்தைங்க இருக்கும்.”

“ஆமாமா. கேட்டவுடனே என்னை நல்லவன்னு நினைக்கணும்.” இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தானே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக் கூச்சத்தோடு சொன்னது. செங்கொடுக்கு சிரிப்பை அடக்கத் தன் கொடுக்கைத் தானே கடித்துக்கொண்டார்.

“பிரமாதம் ஐயா. புகழுரையில தப்பு வந்துடக் கூடாது பாருங்க. எங்க வளையை மூடினது, பந்தலைப் பிரிச்சது எல்லாம் இந்தப் பேருக்குரியவர்தானே?”

“நான்தான்! எல்லாமே நான்தான்! தென்னைமரத்தை விட்டுடாதே!”

“விடுவேனா? எப்ப வர்றதா உத்தேசம்?”

“நாளைக் கழிச்சு, பொழுது சாயறப்ப. உப்பங்கழி வழியா வருவேன். மேளம் அங்கேயே நிக்கட்டும்.”

செங்கொடுக்கு சபைக்கு ஓடினார். கூழைக்கடா வழக்கம்போல் தாடைப்பையைத் திறந்தது. “ஆள் பேர்?”

“இருக்கு.”

பெயரைக் கேட்டதும் கூழைக்கடா திறந்த வாயை மூடவில்லை. “இதுக்குச் சாட்சி?” என்றது.

“நான்” என்றாள் கடலம்மா. அவள் அந்த வாசலுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. “எனக்குள்ள நின்னுதானே அவ்வளவு சத்தமாக் கத்தினான். உனக்கு என்னப்பா வேணும்?”

“அவன் இனி இந்தக் கரைக்கு வரவே கூடாதும்மா.”

“அது என்னால ஆகாது. என் வயித்துல பிறந்தவன். வளர்ந்தா போகத்தான் செய்வான். வேற கேளு.”

நாலு வருடக் கோபத்தோடு கேட்கப் போனவர், பேச்சியின் முட்டைகளை நினைத்துக்கொண்டார். “அப்போ சொல்லிட்டு வரணும். பேரும் நாளும் முன்னாடியே கரை முழுக்கத் தெரியணும்.”

“சரி. பேரும் நாளும் வெளியே தெரியாம இனிமே அவனுக்குக் கரையேற அனுமதியில்லை.”

செய்தி எட்டியதும் புயல் நடுக்கடலில் குமுறியது. கெட்டுப்போன அந்தப் பெயர் தனக்கு இனி வேண்டாம் என்றது. “அடுத்த தடவைக்குப் பேரை மாத்திக்கறது உன் இஷ்டம்” என்றாள் கடலம்மா. “சொல்லாம வர்றது உன் இஷ்டமில்லை.” கேட்டது நீதி, கிடைத்தது அறிவிப்பு. செங்கொடுக்கு அதை வாங்கிக்கொண்டார்.

கரைக்குத் திரும்பி, விவரத்தைப் பேச்சியிடம்தான் முதலில் சொன்னார்.

“இதை முன்னாடியே எங்கிட்ட சொன்னா என்னவாம்?”

“உங்கம்மாகிட்ட சொல்லியிருப்பே.”

“சொல்லித்தான் இருப்பேன்” என்று ஒப்புக்கொண்டு, எந்த நாள் மேடேற வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு செங்கொடுக்கு பாறைமேல் ஏறினார். நண்டு, ஆமை, மடவை மீன், உள்ளான் எல்லாம் சாட்சிக்குக் கூடின. காலையில் நுரை கக்கியவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். அவர் பெரிய கொடுக்கை உயர்த்தினார். குளிர்காலத்தில் கடல் கறுக்கும்போது, புயல் கரையேறும் முன்பே அதற்கொரு பெயரிட்டு, அது வரும் நாளையும் வழியையும் கரையோரம் முழுக்கக் கேட்க வாசிக்கும் வழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது. அவமானத்தில் புயல் தடவைக்கொரு புதுப்பெயர் தேடுவதும் அன்றிலிருந்துதான். அன்று அத்தனை சாட்சிகள் முன்னிலையில், தொண்டையைச் செருமிக்கொண்டு, செங்கொடுக்கு வாசித்த முதல் பெயர்:

“சாந்தமூர்த்தி!”