ஒன்றாம் வாசலில் நாலாம் நம்பர்

முன்பு ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் நாலு வயர்லெஸ் மைக்குகள் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. ஒன்றாம் நம்பர், சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக். மற்ற மூன்றும் கையில் பிடித்துப் பேசுகிறவை. நான்கிற்கும் பொதுவாக ஒரு ரிசீவர் இருந்தது. அதன் தலையில் இரண்டு ஏரியல். முகத்தில் நாலு வாசல். மைக்குகள் காற்றில் அனுப்புவதை அது வாங்கி, ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு அலைவரிசை, ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு வாசல். அவரவர் வாசலில் அவரவர் நுழைய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நாலாம் நம்பருக்கு வயது கூடுதல். வலைமூடியில் ஒரு பக்கம் நசுங்கல். கோயில் கொடை, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று எல்லாரும் வாங்கிப் பேசிய மைக் அது. யார் பிடித்தாலும் பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அதற்கு ஒரு கர்வம் உண்டு.

ஒருநாள் கல்குவாரி மேனேஜர் சந்திரகாந்தன் கடைக்கு வந்தார். குவாரியை விரிவாக்குவது பற்றி ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். கல்யாண மண்டபத்தில், காலை பத்து மணிக்கு.

கடைக்காரன் எட்வின் பெட்டியைத் திறந்து காட்டினான். "ஐந்நூறு பேர் வருவாங்கன்னா ஜனங்களுக்கு ரெண்டு மைக்காவது வேணும் சார். ஒயர் மைக் ஒண்ணு ஸ்டாண்டுல நிறுத்திட்டா இன்னும் நல்லது. சிக்னல் போற பிரச்சினையே வராது."

"ஸ்டாண்டு வேண்டாம். வரிசை கட்டி நின்னுடுவாங்க. எனக்குக் காலர் மைக். ஜனங்களுக்கு ஒண்ணு போதும்." மேனேஜரின் விரல் நாலாம் நம்பரைத் தொட்டது. "இந்த அடிபட்டதைக் குடு. பழைய பேட்டரியே போடு."

"பழசு போட்டா பாதியில நின்னுடும் சார்."

"நிக்கட்டும்."

பிறகு அவர் எட்வினின் தோளில் கை போட்டு மெதுவாகச் சொன்னார். "நான் கண்ணாடியைக் கழட்டினா, மிக்சர்ல நாலாம் நம்பர் சத்தக் குமிழைக் கீழே இறக்கிடு. வீடியோக்காரனுக்கு உன் மிக்சர்லருந்து மேடைச் சத்தம் மட்டும் போகட்டும். அந்த வீடியோதான் மேலே போகும், புரியுதா?"

எட்வின் தலையாட்டினான். அவர் போன பிறகு, பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டுவிட்டு நாலாம் நம்பருக்குப் புதுசு போட்டான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

பெட்டிக்குள் காலர் மைக் சிரித்தது. "கேட்டியா? நான் பேசறது மேலே போகும். நீ பேசறது இந்தச் சுவரோட நிக்கும்."



மறுநாள் மண்டபம் நிரம்பியது. எட்வின் தன் மேசையைக் கூட்டத்தின் நடுவில் போட்டு, ரிசீவரை ஆள் தலைகள் மறைக்காத உயரத்தில் வைத்தான். மேடையில் விசாரணை அதிகாரியம்மா. பக்கத்து நாற்காலியில் மேனேஜர். அவர் கழுத்தில் காலர் மைக். அதன் குட்டி டப்பா இடுப்பில்.

முதலில் ஒரு பெரியவர் எழுந்து நாலாம் நம்பரை வாங்கினார். "எங்க கிணத்துத் தண்ணி ஏன் பால் மாதிரி வருது?" என்று தொடங்கினார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். எட்வின் குமிழை இறக்கினான். பெரியவரின் உதடு மட்டும் அசைந்தது.

"சிக்னல் கிடைக்கலை போல. அடுத்தவங்க பேசலாம்" என்றார் மேனேஜர்.

அடுத்தவர் வெடிச் சத்தம் என்றார். கண்ணாடி கழன்றது. மூன்றாமவர் லாரி என்றார். மறுபடியும் கழன்றது. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் அதைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். "சனியன் பிடிச்ச மைக்கு. இதை எவன்டே கொண்டாந்தான்?"

நாலாம் நம்பருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. அத்தனையும் வாசல் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. வாசலுக்கு உள்ளே யாரோ கழுத்தைப் பிடிக்கிறார்கள். பழி மட்டும் அதற்கு.

நாலாவதாக எழுந்தவள் தங்கபுஷ்பம். கீழத்தெரு அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள். எட்வினின் மேசையிலிருந்து பத்தடி தள்ளி நின்றாள். இடது கையில் தேங்காய் அளவுக்கு ஒரு கல்.

"இது செவ்வாக்கிழமை எங்க அங்கன்வாடிக் கூரையைப் பொத்துக்கிட்டு சோத்துப் பானைக்குள்ள விழுந்த கல்லு. பிள்ளைக எல்லாம் அப்பதான் கைகழுவ வெளிய போயிருந்துச்சு. கம்பெனி ரிப்போர்ட்டுல எங்க தெருவே இல்லைங்காக. மேய்ச்சல் நிலமாம். நான் கேக்கேன்..."

மேனேஜரின் கை கண்ணாடிக்குப் போனது.

நாலாம் நம்பர் அந்த நொடியில் ரிசீவரைக் கூப்பிட்டது. "அண்ணே, நான் ஒண்ணாம் வாசல்ல வரப்போறேன்."

"அது காலர் மைக்கோட வாசல். சட்டம் தெரியும்ல?"

"சட்டப்படி மூணு தடவை என் வாசலுக்கு வந்தேன். மூணு பேர் பேச்சைக் கொன்னுட்டாங்க. ஒரே வாசலுக்கு ரெண்டு பேர் வந்தா நீ யாரைக் கேப்பே?"

"பலமா வர்றவனை. அது என் பிறவிக்குணம். நான் மாத்த முடியாது."

காலர் மைக் பதறியது. "இது என் இடம். வராதே."

"உன்னைத் தள்ளிட்டுத்தான் வருவேன்" என்றது நாலாம் நம்பர்.

அது தன் அலைவரிசையை விட்டுத் தாவியது. புதுப் பேட்டரியின் பலம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தது. மேனேஜரின் இடுப்பில், நாற்காலி முதுகுக்கும் சதைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த காலர் டப்பாவின் குரல் அதற்கு முன் நிற்கவில்லை. எட்வின் நாலாம் குமிழைக் கீழே இழுத்தான். தங்கபுஷ்பத்தின் குரல் முன்னைவிடப் பெரிதாக மண்டபத்தை நிறைத்தது.

"...மேய்ச்சல் நிலத்துல முப்பத்தேழு வீடு எப்படி வந்துச்சு? ஒவ்வொண்ணா சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. முதல் வீடு சுடலைமணி. சுவர் மேலருந்து கீழ வரைக்கும் வெடிச்சிருக்கு. ரெண்டாவது வீடு மரியரத்தினம். அவளுக்கு வலது காது கேக்காது, வெடிச் சத்தத்துல போனது. மூணாவது வீடு..."

மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக் கழற்றினார். மறுபடி போட்டார். பிறகு எழுந்து ஏதோ சொன்னார். அவர் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. மேடையைவிட்டு இறங்கி, எட்வினின் மேசைக்கு விரைந்து வந்தார்.

"கட் பண்ணச் சொன்னேன்ல?"

எட்வின் மிக்சரைக் காட்டினான். நாலாம் குமிழ் அடியில் கிடந்தது. ஒன்றாம் குமிழுக்கு மேலே விளக்கு துள்ளிக்கொண்டிருந்தது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாலாம் நம்பர் கீழதான் இருக்கு சார். அந்தம்மா உங்க சானல்ல பேசுது."

"அப்போ அதையும் இறக்கு."

எட்வின் குமிழின் மேல் விரலை வைத்தான். தங்கபுஷ்பம் பதினொன்றாவது வீட்டில் இருந்தாள். அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

"இதுதான் வீடியோவுக்குப் போற சத்தம். இதை இறக்கினா கூட்டம் நடந்ததுக்கே பதிவு இருக்காது. இறக்கணும்னா அதிகாரியம்மாவைச் சொல்லச் சொல்லுங்க, சார். நான் இறக்கமாட்டேன்."

மேனேஜர் மேடையைப் பார்த்தார். அதிகாரியம்மா பேனாவை எடுத்திருந்தார். "பன்னிரண்டாவது வீடு யாருதும்மா? கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க" என்றார்.

முப்பத்தேழு வீடுகளையும் தங்கபுஷ்பம் சொல்லி முடித்தாள். பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்ட பெரியவரை அழைத்து அவர் கையில் மைக்கைக் கொடுத்தாள். அவருக்குப் பின் வெடி, வெடிக்குப் பின் லாரி. கடைசி ஆள் பேசி முடித்த பிறகுதான் நாலாம் நம்பரின் பேட்டரி தீர்ந்தது.

கூட்டத்தின் முடிவில் அதிகாரியம்மா, கீழத்தெருவை நேரில் பார்த்து அளந்த பிறகே மேற்கொண்டு பேச்சு என்றும், அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் என்றும் எழுதினார். குவாரியை மூடவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் ஒரு தெரு முளைத்துவிட்டது.

இரண்டாம் கூட்டத்துக்கும் சந்திரகாந்தன் எட்வினிடம்தான் வர வேண்டியிருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு கடை இல்லை. இந்த முறை அவர் காலர் மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். மக்கள் தாளில் எழுதிக் கொடுத்தால் போதுமாம். நாலாம் நம்பர் அன்று முழுவதும் பெட்டிக்குள் கிடந்து புழுங்கியது.

சாயங்காலம் காலர் மைக் திரும்பி வந்தது. அதன் கிளிப் கோணலாக வளைந்திருந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டது நாலாம் நம்பர்.

"ஜனங்களுக்கு மைக் இல்லைன்னு சொன்னார். தங்கபுஷ்பம் எழுந்து, விறுவிறுன்னு மேடையேறி வந்தா. அவர் நாற்காலிகிட்ட குனிஞ்சு, அவர் நெஞ்சுல இருந்த என்கிட்ட வாயை வச்சுப் பேச ஆரம்பிச்சுட்டா. அவர் என்னைப் பிடுங்கப் பார்த்தார். நான் துணியைக் கடிச்சுக்கிட்டு விடலை."

நாலாம் நம்பருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீயா? அவர் சட்டையில இருந்துக்கிட்டேவா?"

"சட்டை அவரோடது" என்றது காலர் மைக். "காது என்னோடது."