கிளம்பிட்டேன்

போக்குவரத்துக் கழக மேலாளர் அம்பலவாணனுக்குத் 'தாமதம்' என்ற சொல் மட்டும் ஆகவே ஆகாது. எங்கே போனாலும் ஒரு மணி நேரம் பிந்திப் போகிற அந்த மனுஷர், பயணிகளுக்கான புதுச் செயலியில் அந்தச் சொல் சிவப்பாக மின்னுவதைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"இந்த வார்த்தை இருக்கக் கூடாது. பொய்யும் எழுதக் கூடாது, கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. திங்கட்கிழமை அமைச்சர் தொடங்கி வைக்கிறார். முடியலைன்னா மூட்டையைக் கட்டு!"

செயலியை எழுதிய ஒப்பந்த ஊழியர் ஜெசிந்தா, "நீங்க போன்ல சொல்ற மாதிரியே போட்டுடறேன் சார்" என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அமைச்சர் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார், மேலாளரைத்தான் காணோம். பெரிய திரையில் செயலி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பிந்திய பஸ்ஸுக்கு நேராக "இதோ வந்துட்டேன்" என்றிருந்தது. இருபது நிமிடம் என்றால் "பக்கத்துல வந்துட்டேன்". ஒரு மணி நேரம் என்றால் "கிளம்பிட்டேன்".

"ஐயய்யோ, கிளம்பிட்டேனா? அப்ப இன்னும் குளிக்கவே போகலை!" என்று ஒரு பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். கூட்டம் சிரித்தது.

"யாரும்மா இதெல்லாம் எழுதிக் கொடுத்தது?" என்று பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவிடம் கேட்டார் அமைச்சர்.

"எல்லாம் எங்க சாரோட வார்த்தைங்கதான் ஐயா."

அந்த நேரம் பார்த்து அமைச்சரின் போன் அடித்தது. எடுத்தால் அம்பலவாணன்.

"ஐயா, கிளம்பிட்டேன்!"

அமைச்சர் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லை, நிதானமா குளிச்சிட்டே வாங்க" என்று போனை வைத்துவிட்டு, ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.