‘நிக்’ என்ற சொல்லுக்கு ஓர் அட்டை

பாளையங்கோட்டையில் கிரேஸ் டீச்சர் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று தொகுத்துக்கொண்டிருந்தார். ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. அட்டையில் தமிழ்ச் சொல், கீழே எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம்.

அவரிடம் இரண்டு மாணவிகள். சண்முகவடிவு பதினோரு வருஷமாக வருகிறவள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். மணி அடித்ததும் நேரே இங்கேதான் வருவாள். ரஹ்மத் பீவி மேலப்பாளையத்துக்காரி. வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அன்று வந்த ஆங்கிலச் சொல் ‘நிக்’ (nick). சின்ன வெட்டுக் காயமும் அதுதான், சின்னதாகத் திருடுவதும் அதுதான். டீச்சர் முதல் பொருளை ரஹ்மத்திடமும் இரண்டாவதை வடிவிடமும் கொடுத்தார்.

ரஹ்மத் எழுதி நீட்டினாள். டீச்சர் வாய்விட்டுப் படித்தார்.

“பட்டுடுச்சு. எடுத்துக்காட்டு: சவரம் பண்ணும்போது தாடையில பிளேடு பட்டுடுச்சு.”

“தப்பா டீச்சர்?” என்று ரஹ்மத் கேட்டாள். “எங்க வாப்பா அப்படித்தான் சொல்லுவாங்க. வெட்டிடுச்சுன்னு சொன்னா உம்மா பதறிருவாங்க.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “நாப்பது வருஷமா நான் ‘சிறு கீறல்’னு சொல்லிக்கொடுத்திட்டு இருந்திருக்கேன், பாரு.”

வடிவு தன் அட்டையை நீட்டினாள். ‘திருடு, களவாடு.’

“ம். வை,” என்றார் டீச்சர்.

வடிவு அதை அட்டைகள் போடும் தன் பெட்டியில் வைத்தாள். பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் அட்டை எழுதியிருப்பாள்! ஒன்றுக்காவது கண்ணாடியைக் கழற்றியிருப்பாரா? நேற்று வந்தவள், வீட்டில் பேசுகிறதை எழுதி நீட்டுகிறாள். அதற்கு இத்தனை சிரிப்பு.

டீச்சர் காபி போட உள்ளே போனார். ரஹ்மத் கை கழுவப் போனாள். வடிவு ரஹ்மத்தின் அட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ரஹ்மத் தேடு தேடென்று தேடினாள். “இங்கதான் வச்சேன் அக்கா, நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்க பாத்தேன்? உன் பொருளை நீதான பாத்துக்கணும்,” என்றாள் வடிவு.

ரஹ்மத் வேறொன்று எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே இன்னும் இரண்டு அட்டைகள் காணாமல்போயின. டீச்சர் புது அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். ரஹ்மத்தின் முகம்தான் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை அவள் தன் பெட்டியை டீச்சர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னைய நம்பி இனிமே எதுவும் கொடுக்காதீங்க டீச்சர். எங்க வைக்கேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. வடிவு அக்காவே பாத்துக்கட்டும்.”

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேஜையில் வடிவு மட்டும்தான் இருந்தாள். அவள் நினைத்தது இதைத்தான். ஆனால் பேனாவைத் திறந்தால் எழுத ஓடவில்லை. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமென்று கேட்டாள்.

“அந்த ‘நிக்’ அட்டைக்கு ஏன் டீச்சர் ஒண்ணும் சொல்லல? தப்பா எழுதிட்டேனா?”

டீச்சர் அட்டையைத் தேடி எடுத்தார். “கோயில் நகையை ஒருத்தன் கொள்ளையடிச்சிட்டுப் போறான். அதுக்கு இந்தச் சொல் வருமா?”

“வராது. சின்னதா எடுத்தாத்தான்.”

“அப்ப ‘திருடு’ பெரிசாத் தெரியுதே.”

“களவாடு?”

“யாரு அப்படிப் பேசுதா? உன் வகுப்புல ஒரு பிள்ளையோட பென்சிலைப் பக்கத்துப் பிள்ளை எடுத்திருது. உங்கிட்ட ஓடிவந்து என்ன சொல்லும்?”

வடிவுக்குத் தெரியும். தினமும் கேட்கிற சொல்தான்.

வெளியே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார்.

வடிவு பையைத் திறந்தாள். மூன்று அட்டைகளையும் மேஜைமேல் வைத்தாள்.

“நான்தான் சுட்டுட்டேன் டீச்சர்.”

டீச்சர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. பிறகு வடிவின் பழைய அட்டையை இரண்டாகக் கிழித்தார். புதிதாக ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

“எழுது.”

வடிவு ‘சுட்டுட்டேன்’ என்று எழுதினாள். எழுத்து கோணியது. கீழே கோடு போட்டு நிறுத்திவிட்டாள்.

“எடுத்துக்காட்டுக்கு என்ன வாக்கியம் போட டீச்சர்?”

டீச்சர் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி மூடினார்.

“மேலப்பாளையம் பஸ் இப்ப வந்திரும். அதை ரஹ்மத்கிட்ட சொல்லிட்டு வா. வந்து எழுதிக்கலாம்.”