கப்பலுக்கு முன்னால் ஒரு கிணறு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கோபி டவுனுக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுக்கிற இந்துமதிக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அவளுடைய சிஷ்யர் குழந்தைவேலு, பேரன் பேத்தி எடுத்தவர். படியில் நிற்கிறவரைக்கும் அவளை "அம்மணி" என்பார். கால் தண்ணீரில் நனைந்ததோ இல்லையோ, "மாஸ்டர்" என்பார். பயத்தில் வந்த மரியாதைதான். எதில் வந்தால் என்ன, வந்ததே!

குழந்தைவேலு மஞ்சள் மண்டி வைத்து ஓய்ந்தவர். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அப்படி இழுத்து இழுத்தே ஒரு நல்ல பூட்டு பாழாய்ப் போயிற்று.

இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டுதான் பாவாத்தாள் கப்பலுக்கு ஆசைப்பட்டாள்.

பேரனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனபோது அவள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். கணுக்கால் நனைவதற்குள் இவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். "கரையே கண்ணுக்குத் தெரியாத எடத்துல நின்னு ஒருக்கா பாக்கோணுங்க" என்று அன்றைக்குச் சொன்னவள், அதற்கப்புறம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் போகிறது என்று டிவியில் காட்டியதும் பிடித்துக்கொண்டாள்.

"நீச்சல் தெரியாம கப்பல்ல கால் வைக்கக் கூடாது" என்றார் குழந்தைவேலு. அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தார். அவள் மறுநாளே மகளுடைய பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கிவிட்டாள். இவரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே இறங்கினார். இப்போது அவள் எதிர்ப் படிக்கு நீந்திப் போய், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள். இவர் இன்னும் முதுகில் கட்டிய பிளாஸ்டிக் கேனோடுதான் மிதக்கிறார்.

அன்று காலை வந்தவர் தண்ணீரில் இறங்கவில்லை. மோட்டார் ரூம் நிழலில் போனும் கையுமாக நின்றார்.

"அம்மணி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க பெரியப்பா."

"கப்பல் டிக்கெட்டுல எல்லாம் முடிஞ்சுது. கடைசியா ஒண்ணு கேக்குது. இன்சூரன்ஸ் வேணுமா, வேண்டாமான்னு. போட்டு, ஒண்ணும் ஆகாம திரும்பி வந்தா காசு தண்டம். போடாட்டி தூக்கம் போயிரும்."

"எத்தினி நாளா கேக்குது?"

"போன வாரத்துலருந்து. கப்பல் ரூமை இன்னைக்குச் சாயந்திரம் வரைக்குந்தான் வச்சிருப்பாங்களாம்."

கிணற்றுக்குள்ளிருந்து பாவாத்தாள் குரல் வந்தது.

"கேளு கண்ணு! அதுல போட்டிருக்கறதையெல்லாம் சோத்து நேரத்துல படிச்சுக் காட்டறாரு. போற எடத்துல செத்துப்போனா பொணத்தை ஊருக்குக் கொண்டாந்து சேர்க்க இத்தினியாம். என்ற பொணத்துக்கு வெலை பேசிப்போட்டு, 'ரசம் ஊத்து'ங்கறாரு!"

இந்துமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குழந்தைவேலு சிரிக்கவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போது பாவாத்தாள் ஒன்று சொல்லியிருந்தாள். "பொழுது சாயறதுக்குள்ள நீங்க அமுக்கலீன்னா உடுங்க. இனிக் கடலைப் பத்தி நான் பேசவே மாட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். கோபமே இல்லாமல் சொன்னாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான்.

"போடட்டுமா, வேண்டாமா? நீ ஒரு வார்த்தை சொல்லு அம்மணி. கண்ணை மூடிட்டு அமுக்கிர்றேன்."

"மொதல்ல தண்ணிக்குள்ள எறங்குங்க" என்றாள் இந்துமதி.

குழந்தைவேலு கேனை முதுகில் கட்டிக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து இன்னொரு கேனை எடுத்தார்.

"அது எதுக்குங்க?"

"வயித்துப் பக்கமும் ஒண்ணு இருக்கட்டும்னு."

"கட்டிக்குங்க. அங்க ஒரு லாரி ட்யூப் கெடக்குது. வேணுங்களா?"

"கேட்டா நீ திட்டுவியோன்னு இருந்தேன்" என்று சந்தோஷமாக அதையும் மாட்டிக்கொண்டார்.

மனுஷர் இறங்கினார். முங்கவில்லை, அது வாஸ்தவம். ஆனால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. வயிற்றுக் கேன் மல்லாத்தியது. முதுகுக் கேன் குப்புறத் தள்ளியது. ட்யூப் இரண்டு கையையும் மேலே தூக்கி நிறுத்திவிட்டது. போலீஸில் சிக்கியவன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கிணறு முழுக்க உருண்டார். பாவாத்தாளுக்கு முறுக்கு புரையேறிவிட்டது.

"மாஸ்டர்! புடிங்க மாஸ்டர்!"

இந்துமதி குதித்தாள். ட்யூபைக் கழற்றிப் படியில் எறிந்தாள். வயிற்றுக் கேனை அவிழ்த்தாள். முதுகுக் கேனின் முடிச்சை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"இப்பப் பெரியம்மாகிட்டப் போங்க."

அவர் நீந்தினார். வலது கை தண்ணீரைத் தள்ளியது. இடது கை முதுகுக்குப் போய் முடிச்சைத் தொட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கையால் நீந்தினால் என்ன ஆகும்? வட்டமடித்தார். எதிர்ப் படி வந்தது, போயிற்று. மோட்டார் பைப் வந்தது, போயிற்று. மறுபடியும் எதிர்ப் படி. ஒவ்வொரு தடவையும் பாவாத்தாள் "வாங்க, வாங்க" என்று கையை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஊர்வலம் போகிற சாமி மாதிரி அவளைத் தாண்டிப் போனார்.

"கை எங்கீங்க பெரியப்பா?" என்றாள் இந்துமதி.

"முடிச்சு இருக்குதான்னு பாத்தனுங்க மாஸ்டர்."

"இருக்குதா?"

"இருக்குதுங்க."

இடது கை முன்னால் வந்தது. கொஞ்ச தூரம் நேராகப் போனார். கை மெல்ல மறுபடியும் பின்னால் நழுவியது.

"கை எங்கீங்க?"

"இப்பவும் இருக்குதான்னு..."

"இருக்குதா?"

"இருக்குது."

களைத்துப்போய் மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"புரிஞ்சுபோச்சுங்க மாஸ்டர்! இன்சூரன்ஸே வேண்டாம். இந்தக் கேனையும் அவுத்துருங்க."

"கேன் வேண்டாம்னு நான் சொன்னனுங்களா?"

"சொல்லலீங்க."

"நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் கேக்கறது கையைங்க."

குழந்தைவேலு எதிர்ப் படியைப் பார்த்தார். பாவாத்தாள் முறுக்கைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. இவர் வந்துவிடமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவரால் தாங்க முடியவில்லை.

பைப்பை விட்டார்.

ஒரு கை. அடுத்த கை. நடுவில் முதுகு ஒருதரம் குறுகுறுத்தது. "கை!" என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல் வந்தது. கை முன்னாலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் நங்கென்று தலை படியில் முட்டியது. முட்டு வாங்கியதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷரை அந்தக் கிணறு பார்த்திருக்காது. பாவாத்தாள் ஒரு கையால் தலையைத் தேய்த்துவிட்டு, மறு கையால் மிச்ச முறுக்கை அவர் வாயில் திணித்தாள்.

மேலே ஏறி வந்து போனை எடுத்தார். ஈர விரலுக்கு அது அசையவில்லை. பாவாத்தாள் துண்டால் அவர் விரலைத் துடைத்துவிட்டாள். "வேணும்" என்று அமுக்கினார். பணம் போயிற்று, டிக்கெட் வந்தது. பாவாத்தாள் போட்ட கூச்சலில் கிணற்றுச் சுவர்ப் பொந்திலிருந்த புறாவெல்லாம் படபடவென்று மேலே பறந்தன.

"வாறனுங்க மாஸ்டர்" என்றார் குழந்தைவேலு. காய்ந்த தரையில் நின்றுகொண்டுதான் சொன்னார்.

கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை. பாவாத்தாள் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"எத்தாச்சோடு தண்ணிங்க!" என்றாள். "எவ்வளவு பெருசுங்க!"

குழந்தைவேலு பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் இன்சூரன்ஸ் தாள், நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்தார். கப்பல் லேசாக ஓர் ஆட்டம் ஆடியது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

பாவாத்தாள் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கை எங்கீங்க?" என்றாள்.

குழந்தைவேலு கையை எடுத்து, கம்பியைப் பிடித்திருந்த அவள் கைமேல் வைத்தார்.

"சரிங்க மாஸ்டர்" என்றார்.