வெட்ட வேண்டிய பகுதி

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அங்கே சேர்ந்தவர்கள் முதல் மூன்று ஆண்டுகள் வீட்டாரோடு பேசுவதில்லை. கடிதமும் கிடையாது.

இளம்பரிதி ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். குருவின் காலைப் பேச்சைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவது அவர் பொறுப்பு.

ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார்.

"சாமி, இந்தத் தளம் நமக்கு வேண்டாம். வீடியோவை நசுக்கிவிடுகிறது. உங்கள் முகம் பிசைந்த மாவு மாதிரி தெரிகிறது."

"என் முகமே அப்படித்தான்."

இளம்பரிதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேறொரு தளம் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் இலை நரம்புகூடத் தெரியும். மாறிவிடலாமா?"

"இப்போது என்ன குறை?"

"இந்தப் பார்வையாளர் கணக்கைப் பாருங்கள். வெளியூரிலிருந்து ஒரே ஒருவர் தினமும் வருகிறார். முதல் சில நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பிறகு போய்விடுகிறார். உங்கள் பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. படம் கலங்கலாக இருந்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?"

"அந்த நொடிகளில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. கேமராவை ஓடவிட்டு, குனிந்து லென்ஸைச் சரிபார்ப்பேன். அப்புறம் விலகிவிடுவேன். புதிய தளத்தில் அதை வெட்டிவிட்டுத்தான் போடப்போகிறேன்."

"ஓட்டு, பார்க்கலாம்."

ஓட்டினார். நரைத்த தாடியோடு இளம்பரிதியின் முகம் திரை முழுவதும் வந்தது. லென்ஸை உற்றுப் பார்த்தது. நகர்ந்துவிட்டது.

"அவர் எந்த ஊர்?" என்றார் குரு.

இளம்பரிதி வேறொரு பக்கத்தைத் திறந்தார்.

"அறந்தாங்கி."

"உன் ஊர்."

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது சாமி. போனில் பச்சைப் பொத்தானைத் தவிர எதையும் தொடமாட்டாள்."

"கற்றுக்கொண்டிருப்பார்கள்."

"அவளுக்குக் கண்ணும் மங்கல்."

இளம்பரிதி வீடியோவை மறுபடி ஓடவிட்டார். தன் முகம் வந்ததும் நிறுத்தினார். மூக்கு எது, கன்னம் எது என்று பிரித்தறிய முடியாத முகம்.

"இந்த மாவையா இவ்வளவு நாளும்..." என்றார்.

குரு மடிக்கணினியை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"தளத்தை மாற்று. எங்கே போகிறோம் என்று இந்தப் பழைய தளத்தில் பெரிய எழுத்தில் போட்டு வை. அந்த நொடிகளை வெட்டாதே, உன் முகம் தெளிவாகத் தெரியட்டும்."