தளர்ந்த பட்டை

வியர்வைச் சுரப்பிகளை ஆராய்கிற சுலைகா பேகத்திடம் மாணவராகச் சேர்ந்திருந்தார் எபனேசர். பல வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர் என்பதால் ஆசிரியையைவிட அவருக்கு வயது கூடுதல். கைக்குழந்தைகளுக்கு வியர்வைப் பரிசோதனை செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், அவர் மனைவி பிளசி தங்கள் குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, உப்புக் கரிக்கிறது என்று சிரித்தாள். எபனேசருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் படித்துக்கொண்டிருந்ததே அதைத்தான். சுரப்பியின் அடியில் ஊறும் வியர்வை ரத்தத்தைப் போலவே உப்பானது. அது குழாய் வழியாகத் தோலுக்கு ஏறி வரும்போது, குழாய்ச் சுவரில் உள்ள சில புரதங்கள் கதவுகளாகத் திறந்து, உப்பில் பெரும்பகுதியை உடம்புக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளும். குளோரைடு நுழைகிற கதவு பிறவியிலேயே திறக்காத குழந்தைகள் உண்டு. குளோரைடு நுழையாவிட்டால் சோடியமும் அதனுடனேயே நின்றுவிடும். உப்பு முழுக்கத் தோலில் வந்து வழியும். நுரையீரலிலும் அதே கதவு இருக்கிறது. அதற்குமேல் யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. படித்தவருக்கு வருகிற பயம் எல்லா விவரத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது.

மகளுக்குத் தானே பரிசோதனை செய்தார். சின்னக் கையில் மருந்து வைத்து, லேசான மின்சாரம் கொடுத்து வியர்க்கவைத்தார். அந்த இடத்தில் உறிஞ்சு தாளை வைத்துப் பட்டை கட்டினார். சேர்ந்த வியர்வை போதவில்லை. போதாததை அளக்கக் கூடாது என்பது அங்கே விதி. தாளை எறிந்துவிட்டார். அடுத்த முறையும் போதவில்லை, அதற்கடுத்த முறையும். ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

பிளசி பொறுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சுலைகாவிடம் வந்துவிட்டாள். குழந்தை இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மூன்று முறை பார்த்தும் வியர்வை போதவில்லை என்கிறார் இவர் என்றாள். சுலைகா குழந்தையை வாங்கினார். அவள் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

எபனேசரைக் கூப்பிட்டு, "இவளுக்கா வியர்வை போதலை?" என்று கேட்டார்.

வழக்கமாகக் கட்டுவது போலக் கட்டிக் காட்டச் சொன்னார் சுலைகா. எபனேசர் கட்டினார். பட்டைக்கு அடியில் சுலைகா தன் விரலை நுழைத்தார். தடையில்லாமல் போனது. அந்த இடைவெளியில் எந்த வியர்வையும் காய்ந்துபோகும்.

"மத்த குழந்தைகளுக்கும் இப்படித்தான் கட்டுவீங்களா?"

"இல்ல மேடம்."

பிளசி கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வேண்டுமென்று தளர்த்தவில்லை என்றும், இறுக்கினால் குழந்தைக்கு வலிக்குமென்று பயந்ததாகவும் மெல்லச் சொன்னார். பிறகு உண்மையைச் சொன்னார்.

"அளந்துட்டா தெரிஞ்சிடும் மேடம். தெரியாத வரைக்கும் அவ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கலாம்."

சுலைகா குனிந்து குழந்தையின் நெற்றியில் உதட்டை வைத்தார். உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்த பிளசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுலைகா பட்டையை அவிழ்த்து எபனேசரின் கையில் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். அவர் அதைப் பிடித்தபடி நின்றார்.

"கதவு மூடித்தான் இருக்குன்னு வந்துட்டா, நான் என்ன மேடம் பண்றது?"

"உப்புக் கொடுக்கணும்," என்றார் சுலைகா. "இந்த வெயில்ல இவ உடம்பு தொலைக்கிற உப்பை நாமதான் திருப்பிக் கொடுக்கணும். நீங்க முதல் தாளைத் தூக்கி எறிஞ்சீங்களே, அன்னைக்கே கொடுத்திருக்கணும்."