சபைக்கு வந்த ஆப்பக்கடை வீடு

முன்பு ஒரு காலத்திலே, வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லாத ஒரு தேசத்தை விக்கிரமகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு வேட்டை என்றால் உயிர். ஒரு வருஷம் காட்டுக்குப் போனவர் மானைக் காணவில்லை. சுற்றிப் பார்த்தால் மரத்தையே காணவில்லை. நகரத்து ஜனங்கள் விறகுக்காக வெட்டித் தீர்த்திருந்தார்கள்.

ஜனங்கள் சோறு பொங்கித் தின்பதில் ராஜாவுக்கு ஆட்சேபம் இல்லை. அதற்காகத் தம் மானை விரட்டிவிட்டார்களே என்பதுதான் பொறுக்கவில்லை.

"ஒரு வருஷத்துக்குள் எரிகிற விறகு பாதியாகக் குறைய வேண்டும்! ஒரே நெருப்பில் இரண்டு பானை வேகிற கொடியடுப்பு வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை இருக்க வேண்டும். வீடு குளிரக் கூரைமேல் காற்றுக் கூண்டும் வேண்டும்!" என்று ஆணையிட்டார்.

"அதற்கு ஜனங்களிடம் பணம் ஏது, மகாராஜா?" என்று கேட்டான் விகடகவி கொழுந்தப்பன்.

வரிமந்திரி அனந்தசேகரருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாம் பத்து நாள் யோசித்துச் சொல்வதை அவன் ஒரு வார்த்தையில் கேட்டுவிடுகிறான், ராஜாவும் சிரிக்கிறார் என்ற எரிச்சல். அவர் முந்திக்கொண்டு எழுந்தார்.

"பிரபு, செலவை இப்போது அரண்மனை செய்யட்டும். வீட்டுக்காரர்கள் மனைவரியோடு சேர்த்து இருபது வருஷம் கட்டட்டும். மிச்சமாகும் விறகுக் காசே தவணையை அடைத்துவிடும். வீட்டை விற்றால் வாங்கியவன் கட்டுவான். கட்டாத வீடு ஏலம்."

யோசனையில் குற்றமில்லை என்றுதான் கொழுந்தப்பனுக்கும் பட்டது. குற்றம் பின்னால் வந்தது. வேலை முழுவதும் மந்திரியாருடைய மைத்துனனுக்குப் போயிற்று. அந்த மகானுபாவன் வாழ்நாளில் அடுப்புப் பக்கம் போனது சாப்பாடு தயாரா என்று பார்க்கத்தான். ஆட்களை அனுப்பி, வீட்டுக்காரர் சந்தைக்குப் போன நேரத்தில்கூட அடுப்பு வைத்தான், கூண்டு வைத்தான், செலவை வரிப் புத்தகத்தில் ஏற்றினான். பக்கத்துக்குப் பக்கம் ராஜா முத்திரை குத்தினார். ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத் தெற்குத் தெருவில் ஆப்பக்கடை வைத்திருக்கும் செங்கமலம் கொழுந்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஐயா, வருசத்துக்கு ஒரு பணம் வரி கட்டினவ நான். இப்ப பதினாறு கேக்குறாங்க. அடுப்பு முன்னைக்கு ரெண்டு பங்கு விறகு தின்னுது. கூண்டு வழியாக் காத்து வரல, மழைதான் வருது. நாளான்னிக்கு ஏலமாம்! இந்த ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"நீ கேட்டு வச்சுக்கிட்டியாக்கா?"

"கேக்கவே இல்லீங்க. சந்தையிலேருந்து வந்து பாத்தா அடுப்பு நிக்குது."

கொழுந்தப்பன் அவளைச் சபைக்கு அழைத்துப் போனான். மந்திரியார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த அம்மாள் சம்மதித்தாளா இல்லையா என்ற பேச்சே எழவில்லை, பிரபு. கடன் ஆளுடையது அன்று, வீட்டுடையது. சட்டம் அப்படி. வீடே வந்து முறையிட்டால் விசாரிக்கலாம்."

சபையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், சிரிக்கத்தானே வேண்டும்!

"வீடு வந்தால் விசாரிப்பீர்களா?" என்றான் கொழுந்தப்பன்.

ராஜாவுக்கு அன்று பொழுது போகவில்லை. "நல்லது! நாளைக் காலை அந்த வீட்டைச் சபைக்குக் கொண்டுவா. தவறினால் உன் வீடும் சேர்ந்து ஏலம்."

"சுவரிலிருந்து ஒரு கல்லையும் பெயர்க்கக் கூடாது," என்று சேர்த்துக்கொண்டார் மந்திரியார். அவர் முகத்தில் கல்யாணக் களை.

கொழுந்தப்பன் வாய்த் துடுக்கால் தன் வீட்டையும் பணயம் வைத்தாயிற்று. நேரே வரிச்சாவடிக்குப் போய், செங்கமலத்தின் வீட்டுக் கணக்கைக் காட்டச் சொன்னான். ஒரு தடவை படித்தான். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தான். பிறகு அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு ஆப்பக்கடைக்கு நடந்தான்.

மறுநாள் காலை சபை நிறைந்திருந்தது. கொழுந்தப்பன் தலையில் அடுப்பு. பின்னால் வந்த செங்கமலத்தின் ஒரு கையில் காற்றுக் கூண்டு, இன்னொரு கையில் ஒரு கூடை மண். மூன்றையும் மந்திரியார் காலடியில் இறக்கினார்கள்.

"வீடு வந்துவிட்டது, மகாராஜா."

"என்ன விளையாட்டு இது?" என்று சீறினார் மந்திரியார். "கல்லைப் பெயர்க்காதே என்றேனே!"

"பெயர்க்கவில்லை. அடுப்பைத் தொட்டேன், கையோடு வந்தது. கூண்டு என்னைப் பார்த்ததும் தானே விழுந்தது. ஒரு சொட்டுச் சுண்ணாம்பு வைத்திருந்தால் கொஞ்சம் பிகு பண்ணியிருக்கும்."

"இதுவா வீடு?"

கொழுந்தப்பன் நகலை எடுத்து உரக்க வாசித்தான்: "'தெற்குத் தெரு ஆப்பக்கடை வீடு. மொத்த மதிப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு பணம். அதில் அடுப்பும் கூண்டும் முந்நூறு. மண் சுவரும் கூரையும் பன்னிரண்டு.' முந்நூறைத் தலையிலும் கையிலும் சுமந்து வந்தோம். மீதிப் பன்னிரண்டுக்கு அடையாளமாக ஒரு கூடை மண். இது வீடு இல்லையென்றால் மந்திரியாரின் புத்தகம் பொய். புத்தகம் மெய்யென்றால் இதுதான் வீடு. எது என்று அவரே சொல்லட்டும்."

மந்திரியார் ராஜாவைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் மேல்தளத்து ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புத்தகம்... மெய்தான்," என்றார் மந்திரியார், மென்று விழுங்கி. "இதுதான் வீடு."

"அப்படியானால் கடனுக்கு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்," என்று அடுப்பைத் தூக்கி அவர் மடியில் வைத்தான் கொழுந்தப்பன். மந்திரியார் பதறி இரண்டு கையாலும் பிடித்தார்.

"பிடித்துவிட்டார், மகாராஜா! கடன் ஆளோடு போகாது, வீட்டோடு போகும் என்று அவரே சொன்னார். வீடு இப்போது அவர் கையில். முந்நூறு பணக் கடனும் இனி அவருடையது. அக்கா குடியிருக்கிற பன்னிரண்டு பணத்துக்கு ஒரு பணம் வரி, அதை எப்போதும்போல் கட்டுவாள்."

அந்த நேரம் பார்த்து அடுப்பு நடுவில் விரிந்து, மந்திரியாரின் பட்டு வேட்டி முழுக்க மண்ணாய்க் கொட்டியது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். சபையும் சிரித்தது, நேற்றுச் சிரித்த அதே வாய்கள்.

ஏலம் ரத்தாயிற்று. நகரத்தில் வைத்த நானூறு அடுப்பையும் கூண்டையும் நல்ல கொத்தனார்களைக் கொண்டு மந்திரியார் தம் சொந்தச் செலவில் திரும்ப வைக்க வேண்டும் என்றும், அதற்கு மண் குழைக்கும் வேலை மைத்துனனுக்கு என்றும் தீர்ப்பாயிற்று. செங்கமலம் மண்ணை அங்கேயே கொட்டிவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் கும்பிடு போடாமல் வெளியே போனாள். கடை திறக்க நேரமாகியிருந்தது.

"கொழுந்தப்பா, என்ன பரிசு வேண்டும், கேள்!" என்றார் ராஜா, இன்னும் சிரிப்பு அடங்காமல்.

"முத்திரை குத்துமுன் மகாராஜா ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அது போதும்."

ராஜாவுக்கு அதைவிட வேடிக்கையான பேச்சு அன்று கிடைக்கவில்லை. இன்னும் பலமாகச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

படிப்பதாக மட்டும் சொல்லவில்லை.